வேதியியலில் முதுகலையும் முனைவர் பட்டமும்: செட்டிநாட்டு மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் ஆட்டோவில் ஏறி ‘சிக்ரி’ என்று சொன்னால் போதும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் இறக்கிவிடுவார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிலையம் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று திறப்பு விழா நடந்தது. இத்தனை ஆண்டுகளாக மின்கலம், உலோக அரிமானம், மின்முலாம் என நாட்டுக்கு வேண்டிய ஆய்வுகள் அதன் சுவருக்குள் நடந்துகொண்டிருக்க, அதே சாலையில் தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போகும் வேதியியல் மாணவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. இளங்கலை வகுப்பெடுக்கும் ஆசிரியனாக இது எனக்கு நெடுநாளைய வருத்தம். மேற்படிப்பு என்றால் எங்கோ தொலைவில், யாரோ கெட்டிக்காரர்களுக்கு உரியது என்ற எண்ணத்தோடு நம் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது விண்ணப்பத் தேதிகளில் பாதி கடந்துபோயிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: எதற்காகப் படிக்கிறோம் என்று முடிவு செய்தல்

வேதியியல் மேற்படிப்புக்குப் பின்னால் மூன்று வாழ்க்கைகள் இருக்கின்றன. பள்ளியில் முதுகலை ஆசிரியராக விரும்புகிறவருக்கு எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும் வேண்டும். அவர் ஐந்தாறு ஆண்டுகளை முனைவர் பட்டத்தில் செலவிடத் தேவையில்லை. மருந்து, வண்ணப்பூச்சு, உரம் போன்ற தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்குப் போக விரும்புகிறவருக்குப் பகுப்பாய்வுக் கருவிகளில் நல்ல கைப்பழக்கம் தரும் எம்.எஸ்ஸி. போதுமானது. கல்லூரிப் பேராசிரியர் பணிக்கோ ஆராய்ச்சிக்கோ போக நினைப்பவருக்குத்தான், ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி தரும் தேசியத் தேர்வான நெட்டும், முனைவர் பட்டமான பிஎச்.டி.யும். முன்பு இடையில் இருந்த எம்.ஃபில். பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளால் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும், பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்று அவ்விதிகள் வரையறுத்திருப்பதையும் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தேவகோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “இன்னும் அஞ்சு வருஷம்னா, அவனுக்குச் சம்பளம் வருமா சார், இல்லை நாம கட்டணுமா?” நியாயமான கேள்வி. நெட் தேர்வு வழியாக சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. (அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், பல்கலைக்கழக மானியக் குழு) இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்ற மாணவருக்கு, 2023ஆம் ஆண்டிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாயும், விடுதி கிடைக்காத இடத்தில் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆனால் உதவித்தொகை எதுவும் இல்லாமல் பிஎச்.டி.யில் பதிவு செய்கிற மாணவர் தன் கைக்காசில்தான் நாள் கழிக்க வேண்டும். என் கருத்தில் வேதியியலில் உதவித்தொகை இல்லாத முழுநேர பிஎச்.டி.யில் சேரக் கூடாது. ஓராண்டு காத்திருந்து மறுபடியும் தேர்வு எழுதுவது மேல்.

இரண்டாம் படி: இளங்கலையின் மூன்று ஆண்டுகள்

நம் கல்லூரிகளில் வேதியியல் மாணவருக்குத் துணைப்பாடம் உண்டு. கணிதத்தைக் கண்டு அஞ்சித் தாவரவியல், விலங்கியல் பக்கம் ஒதுங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு நடக்கும் ஜாம் தேர்வு மூலம் மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களில் சில, பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. விதி இல்லாத இடத்திலும் குவாண்டம் வேதியியலும் வெப்ப இயக்கவியலும் வகையீடு, தொகையீடு தெரியாதவரை உள்ளே விடுவதில்லை. வாய்ப்பிருந்தால் கணிதத்தையே துணைப்பாடமாக எடுங்கள். வாய்ப்பில்லை என்றால் அடிப்படைக் கணிதப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

பருவத் தேர்வு மதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். பல இடங்களில் 55 அல்லது 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பமே ஏற்கப்படாது. அரியர் இருந்தால் ஐந்தாம் பருவத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஆய்வகப் பதிவேட்டை எழுதும் முறையில்தான் ஆராய்ச்சியாளருக்கான முதல் பயிற்சி கிடைக்கிறது. உப்புப் பகுப்பாய்வில் விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு படிகளைப் பின்னோக்கி எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வீழ்படிவு வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். ஏன் வரவில்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு வரி பின்னாளில் எப்படிக் கைகொடுக்கும் என்பதைக் கீழே ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஓர் ஆய்வகத்துக்குள் காலடி வைத்தல்

எல்லாப் படிகளிலும் பெரியது இதுதான் என்பேன். ஆராய்ச்சி நமக்குப் பிடிக்குமா என்பது ஆய்வகத்தில் இரண்டு மாதம் நின்று பார்த்தால்தான் தெரியும். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் கோடைத் திட்டம் ஆகியவை இளங்கலை மாணவருக்கும் திறந்திருப்பவை. இவற்றுக்கான அறிவிப்பு கோடைக்குப் பல மாதங்கள் முன்னதாக, மழைக்காலத்தை ஒட்டியே வந்துவிடும். ஏப்ரலில் தேடத் தொடங்குகிறவருக்கு அந்த ஆண்டு போயிற்று.

தொலைவாக அனுப்ப வீட்டில் தயங்கினால் சிக்ரியிலேயே திட்டப்பணிக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில்சார் வேதியியல் துறை இருக்கிறது. கேட்கும் முறை ஒன்று உண்டு. “மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வகத்தில் வாய்ப்பு தர வேண்டுகிறேன்” என்று ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் பதில் எழுத மாட்டார். ஐந்து விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் உங்களுக்குப் புரிந்தது எது, புரியாதது எது என்று மூன்று வாக்கியத்தில் எழுதி, எந்த மாதத்தில் எத்தனை வாரம் வர முடியும் என்பதையும், துறைத் தலைவர் அனுமதிக் கடிதம் தருவார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நான்காம் படி: முதுகலைச் சேர்க்கை

எம்.எஸ்ஸி.க்குப் போக முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வு முதலாவது. ஐ.ஐ.டி.க்களுக்கும், திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.க்களுக்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் வழி இதுவே. விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் ஒரே விடையுள்ள 30 கேள்விகள். தவறினால் கேள்வியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இரண்டாம் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய 10 கேள்விகள். எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண். மூன்றாம் பகுதியில் எண்ணை நாமே கணக்கிட்டு உள்ளிட வேண்டிய 20 கேள்விகள். பின்னிரண்டு பகுதிகளில் கழிப்பு இல்லை. நம் மாணவர் சறுக்குவது இந்த மூன்றாம் பகுதியில்தான். பருவத் தேர்வுக்காக வரையறைகளை மனப்பாடம் செய்து பழகியவருக்கு, ஒரு மின்கலத்தின் அழுத்தத்தை மூன்றாம் தசம இடம் வரை கணக்கிடுவது புதிதாக இருக்கும். எனவே இரண்டாம் ஆண்டு முடிந்ததிலிருந்து நாளுக்கு ஐந்து கணக்குகள் வீதம் போட்டுப் பழகுங்கள். திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் தேர்வில் பயன்படுத்த முடியும். அதிலும் கை பழக வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவற்றில் ஐந்தாண்டுத் தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு. திருவாரூர் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இந்த வழியில் மாணவரைச் சேர்க்கின்றன. கட்டணம் குறைவு, வீட்டுக்கும் எட்டும் தூரம்.

மூன்றாவது, நம் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளும் கல்லூரிகளும். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். 1947இல் தொடங்கிய அழகப்பா அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் மிகக் குறைந்த செலவில் எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டு ஆண்டையும் நெட் தேர்வுக்கான தயாரிப்பாக்கிக்கொண்டு, நல்ல ஆய்வகத்துக்குப் போவது முற்றிலும் நடக்கக்கூடியது. இப்படிப் போகிறவர் தன் ப்ராஜெக்டை மட்டும் கருவி வசதியுள்ள வேறோர் ஆய்வகத்தில் செய்ய முயல வேண்டும்.

ஐந்தாம் படி: நெட்டும் கேட்டும்

வேதி அறிவியல் நெட் தாளில் மொத்தம் 120 கேள்விகள் இருக்கும். எழுத வேண்டியவை 75 மட்டுமே. பொதுத் திறனில் 15, இரண்டாம் பகுதியில் 35, மூன்றாம் பகுதியில் 60இல் 25. மூன்றாம் பகுதிக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். 200இல் 100 அங்கேதான். தவறான விடைக்கு 25 விழுக்காடு கழிவு. ஆகவே எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட, நிறமாலையியல், கரிம வினைவழிமுறை, அணைவுச் சேர்மங்கள் என மூன்று நான்கு பகுதிகளை ஆழமாகப் பிடித்துக்கொண்டு, தெரியாத கேள்வியைத் தொடாமல் விடும் மனக்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்வதே பலன் தருகிறது. எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே எழுதலாம்.

பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்காகப் பிப்ரவரியில் நடக்கும் கேட் என்னும் தேசியத் தேர்வையும் உடன் எழுதுங்கள். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், ஐ.ஐ.டி.க்களின் பிஎச்.டி. நேர்காணலுக்கு அது ஒரு நுழைவுச்சீட்டு.

ஆறாம் படி: நெறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன காலத்தில், பிள்ளையை ஒரு மார்க்காவில் (வணிக நிறுவனத்தில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, சேர்க்கும் முன், முதலாளி யார், கடையை நடத்தும் மேலாள் எப்படிப்பட்டவர், அங்கிருந்து திரும்பியவர் என்ன கற்றுவந்தார் என்று பத்துப் பேரிடம் விசாரித்தார்கள். கடை பெரியதா சிறியதா என்பது அதற்குப் பிறகுதான். பிஎச்.டி.க்கு அதே விசாரணை தேவை. ஐந்தாண்டுக் காலம் ஒருவரின் கீழ் வேலை கற்கப் போகிறோம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, ஒத்துப்போகாத நெறியாளரிடம் சிக்கி, மூன்றாம் ஆண்டில் திரும்பிவந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் எவரும் அறிவில் குறைந்தவரில்லை.

எனவே கடைக்காரர் வரவு, கடனைப் பார்க்க ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடுவது போல ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நெறியாளர் கடந்த ஐந்தாண்டில் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றில் முதல் பெயர் மாணவருடையதா? அவரிடம் பட்டம் பெற்றவர் சராசரியாக எத்தனை ஆண்டில் முடித்தார், இப்போது எங்கே இருக்கிறார்? இடையில் விட்டுப்போனவர் உண்டா? வேண்டிய கருவி அந்த வளாகத்திலேயே இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு மாதிரியையும் வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா? ஆய்வுத் திட்ட நிதி இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? ஓய்வுபெற எத்தனை ஆண்டு?

இவற்றில் பாதிக்கு இணையத்தில் விடை கிடைக்கும். மீதிக்கு அந்த ஆய்வகத்தின் தற்போதைய மாணவரிடம் தனியாகப் பேச வேண்டும். “சார் எப்படி?” என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “உங்கள் முதல் கட்டுரை எழுதி அனுப்பி, சார் திருத்தித் தர எத்தனை நாள் ஆயிற்று?” என்று கேளுங்கள். “கடைசியாக ஊருக்குப் போனது எப்போது?” என்று கேளுங்கள். விடை வரும் வேகத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்பதையும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

சிக்ரியிலும், புனே தேசிய வேதியியல் ஆய்வகம், ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற மற்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களிலும் பிஎச்.டி. பட்டம் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அகாதெமி வழியாக வழங்கப்படுகிறது. ஜனவரி, ஆகஸ்டு என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை.

ஏழாம் படி: நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும்

எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கை வெளிநாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்; உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் இப்போது கேட்கின்றன. என் மாணவி ஒருத்தி எழுதிவந்த முதல் வரைவு, “சிறு வயது முதலே எனக்கு வேதியியலில் தீராத ஆர்வம் உண்டு” என்று தொடங்கியது. இப்படித் தொடங்கும் அறிக்கை ஆயிரம் வரும். அவளுடைய ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டேன். 3.5 விழுக்காடு உப்புக் கரைசலில் மென் எஃகுத் தகடுகளை 24 மணி நேரம் ஊறவைத்து, முருங்கை இலைச் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் எடை இழப்பைக் கணக்கிட்டிருந்தாள். நான்கு தகடுகளில் ஒன்று மட்டும் எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. மற்றவர்கள் அந்த எண்ணை நீக்கிவிடச் சொன்னார்களாம். அவள் நீக்காமல் பதிவேட்டில் எழுதி வைத்து, துரு நீக்காமலும் முழுதாக உலர்த்தாமலும் எடை போட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, எல்லாத் தகடுகளையும் மறுபடி செய்திருக்கிறாள்.

“இதை எழுது” என்றேன். இரண்டாம் வரைவு அந்த ஒற்றைத் தகட்டிலிருந்து தொடங்கியது. நேர்காணலில் தேர்வுக் குழு இருபது நிமிடமும் அதைப் பற்றியே கேட்டது, இடம் கிடைத்தது.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஆறு வாரம் முன்னதாக, உங்கள் மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை வரைவு, அவரிடம் நீங்கள் செய்த வேலையின் சுருக்கம், கடைசித் தேதிகளின் அட்டவணை ஆகியவற்றை ஒரே கோப்பில் கொடுங்கள். துறைத் தலைவர் என்பதற்காக உங்களை அறியாதவரிடம் கேட்பதைவிட, ஆய்வகத்தில் உங்களை அருகிலிருந்து பார்த்த இளைய ஆசிரியரின் கடிதம் கனமானது.

எட்டாம் படி: வெளிநாடு

அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் விலக்கப்பட்டு, வகுப்பு எடுக்க உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாத ஊதியமும் தரப்படுகிறது. ஏஜென்ட் கேட்கும் லட்சங்கள் இதற்குத் தேவையே இல்லை. விண்ணப்பங்கள் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் முடியும். உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால் முடிவு சொல்லப் பொதுவாக ஏப்ரல் 15 வரை அவகாசம். மேற்படிப்புச் சேர்க்கைக்கு முன்பு கேட்கப்பட்ட ஜி.ஆர்.இ. என்னும் பொதுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம்தான் சுமை. கட்டண விலக்கு கேட்டு எழுதினால் சில பல்கலைக்கழகங்கள் தருகின்றன. மூன்றாண்டு இளங்கலையை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் சில இடங்கள் ஏற்பதில்லை, எம்.எஸ்ஸி. இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான ஓராண்டுத் தொகையை, மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்டவேண்டும் என்பதையும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவருக்கு, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம் என்பதையும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசிப் படி: நேர்காணலும் ஆவணங்களும்

நேர்காணலில் உங்கள் ப்ராஜெக்டிலிருந்து தொடங்கி அடிப்படைக்கு இறங்குவார்கள். உப்பு நீரில் இரும்பு ஏன் விரைவாகத் துருப்பிடிக்கிறது என்பார்கள். குளோரைடு அயனி கரைசலின் மின்கடத்தலைக் கூட்டுவதையும், உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைப்பதையும் பலகையில் வினை எழுதிச் சொல்லத் தெரிய வேண்டும். நம் ஊரையே பயிற்சிக் களமாக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் நிறச் சிமெண்டை ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லைப் பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைப்பது ஏன்? சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. அந்தச் சிவப்பு நிறம் வெயிலில் ஏன் வெளுப்பதில்லை? அது இரும்பு ஆக்சைடு. இப்படிப் பத்துக் கேள்விகளை நண்பரோடு கேட்டுப் பழகியவர் தேர்வுக் குழுவின் முன் தடுமாறுவதில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசித்துப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

ஆவணங்களில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதுகலை முடித்த ஆண்டில் எனக்கு நல்லதோர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. புரொவிஷனல் சான்றிதழில் என் தலைப்பெழுத்து தவறாக அச்சாகியிருந்தது. திருத்தம் வாங்க அலைந்த ஐந்து வாரத்தில் சேர்க்கைத் தேதி முடிந்து, ஓராண்டு போயிற்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துவைத்துப் பாருங்கள். பிற பிற்படுத்தப்பட்டோர் பிரிவினர் மத்திய நிறுவனங்களுக்கு, மத்திய அரசுப் படிவத்தில், நடப்பு நிதியாண்டுக்கான சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் படிவம் அங்கே செல்லாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜூன், ஜூலையில் கூட்டம் நிற்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.